மனோகரனின் வயது எழுபது அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘மனோகரா’ படத்தைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எழுபது வருடம் தாண்டியும் பேசப்படும் படம், சிவாஜியின் குரல், கண்ணாம்பாவின் ஆவேசம், கருணாநிதியின் வசனம், எல்.வி. பிரசாத்தின் இயக்கம் என்று எல்லாம் எழுதியிருந்தது. எல்லாம் சரி, அதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பெரிய பக்கத்தில் மூல நாடகத்துக்குக் கிடைத்த இடம் அரை வரி. ‘ஒரு பழைய நாடகத்தைத் தழுவி’ என்று போட்டுவிட்டுக் கட்டுரையாளர் நேராக ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார். எந்த நாடகம், யார் எழுதியது, எத்தனை காலம் மேடையில் நின்றது, ஒன்றும் இல்லை. அந்த அரை வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

மதுரையில் நாடக டிரஸ் வாடகைக்கு விடுகிற குடும்பம் எங்களுடையது. டிரஸ் கடை என்று சொன்னால் இப்போது ரெடிமேட் கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது கிரீடம், புஜகீர்த்தி, வெல்வெட் கோட்டு, டோப்பா, அட்டைக் கவசம், தகரக் கத்தி இதெல்லாம் அடுக்கிய கடை. அப்பா ஆரம்பித்தது. இப்போது மாசி, பங்குனி, சித்திரை தவிர மற்ற மாதங்களில் ஈ ஓட்டுகிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாரதியார் கோட்டும் கட்டபொம்மன் தலைப்பாகையும் போகும். அவ்வளவுதான். எத்தனையோ பேரை ராஜாவாக்கி அனுப்பிய கடை என்கிற ஒரே தகுதியில் எழுதுகிறேன். ஆராய்ச்சியாளன் இல்லை.

‘மனோகரா’ நாடகத்தை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். எழுதிய வருடம் 1895. அப்போது அவருக்கு வயது 22. இந்த வயதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் தமிழ் நாடகம் என்றால் விடிய விடியப் பாட்டு. நடிப்பவனைக் கூத்தாடி என்று திண்ணையில்கூட உட்கார வைக்க மாட்டார்கள். சம்பந்தமும் அப்படிப்பட்ட எண்ணத்தில் வளர்ந்த பையன்தான். தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஏளனம். 1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்கிற வக்கீல் தன் சரச வினோதினி சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் கூச்சமில்லாமல் வேஷம் கட்டி ஆடியதைப் பார்த்ததும் சம்பந்தத்துக்குத் தமிழில் இது ஏன் முடியாது என்று தோன்றியிருக்கிறது. அதே வருடம் ஜூலை 1ஆம் தேதி நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். நாடகத்தை விடியும்வரை இழுக்காமல் சில மணி நேரத்தில் முடிப்பது, பாட்டைக் குறைத்துப் பேச்சுக்கு இடம் கொடுப்பது, ஒத்திகை பார்த்துவிட்டு மேடை ஏறுவது என்பதெல்லாம் அந்தச் சபை கொண்டுவந்த பழக்கம். பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். சம்பந்தம் கதாநாயகன் என்றால் எதிரே நாயகி பல வருடம் ரங்கவடிவேலு. சத்தியமூர்த்திகூட அந்தச் சபை மேடையில் வேஷம் கட்டியவர்தான். காங்கிரஸ் மேடையில் அவர் பேசிய பேச்சுக்குக் குரல் எங்கே பழகியது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சபையின் நாடகங்கள் பெரும்பாலும் நடந்த இடம் விக்டோரியா பொது மண்டபம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் நடுவில் நிற்கிறதே, அதே சிவப்புக் கட்டடம்தான். சென்னைக்கு முதன்முதலில் சினிமா வந்து இறங்கியதும் அந்த மண்டபத்தில்தான், 1896இல். மனோகரன் அதற்கு முந்தைய வருடமே பிறந்துவிட்டான்.

கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். புருஷோத்தமன் என்ற அரசன் வசந்தசேனை என்கிற தாசியின் பிடியில் இருக்கிறான். பட்டத்து ராணி பத்மாவதி ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறாள். மகன் மனோகரன் வீரன், முன்கோபி. வசந்தசேனையை ஒரே வெட்டில் முடித்துவிடுவேன் என்று புறப்படுகிறவனிடம், தான் சொல்லாமல் வாளை எடுக்கக் கூடாது என்று தாய் சத்தியம் வாங்கிவிடுகிறாள். அதன் பிறகு எத்தனை அவமானம் வந்தாலும் அவன் கையில் வாள் இருந்தும் இல்லாத மாதிரிதான். நாடகத்தின் முடிச்சு முழுவதும் இந்த ஒரு வாக்கில் இருக்கிறது. வெளியே எதிரி, உள்ளே தாய் சொல். இடையில் வசந்தசேனையின் அரைப் பைத்திய மகன் வசந்தன் வந்து கொட்டகையைச் சிரிப்பில் ஆட்டிவிட்டுப் போவான். அழுகையையும் சிரிப்பையும் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று 22 வயதில் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பிற்பாடு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ என்று அவரே தமிழுக்குக் கொண்டுவந்தார். அவனும் தாயால் மனம் புண்பட்ட இளவரசன்தான். ஆனால் அமலாதித்தன் ஊர் ஊராகப் போகவில்லை. மனோகரன் போனான். தயங்கி நிற்கிற பிள்ளையை விட, தாய் சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை நம் ஜனங்களுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

சபையில் படித்தவர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் இந்த நாடகம் சென்னையோடு நின்றிருக்கும். அதை ஊருக்குள் கொண்டுவந்தவை பாய்ஸ் கம்பெனிகள், அதாவது சிறுவர்களையே வைத்து நடத்திய நாடகக் குழுக்கள். எங்கள் மதுரையில் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த டி.கே. சண்முகம் சிறு பையனாகவே மனோகரன் வேடம் கட்டியவர். பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தமாகச் சபை தொடங்கினார்கள். பையன்கள் ஆடும்போது இந்த நாடகத்துக்கு ஒரு தனி வேகம் கிடைக்கும் என்பார் அப்பா. கிரீடம் காதுவரை இறங்குகிற பையன் தர்பாரில் சங்கிலியோடு நின்று அரசனைக் கேள்வி கேட்டால் பார்க்கிறவனுக்கு வயிறு கலங்கும். அதையே தொந்தி விழுந்த ஆள் கேட்டால் கச்சேரி வழக்கு மாதிரி இருக்கும்.

அந்தச் சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இது எங்கள் தொழில். நிஜ இரும்புச் சங்கிலி போட்டால் மணிக்கட்டு உரிந்துவிடும், வசனம் பேசி முடிப்பதற்குள் பையன் தோள் தொங்கிவிடும். தகரத்தில் செய்தால் கனம் இல்லை, சத்தமும் இல்லை, முன்வரிசைக்காரன் சிரித்துவிடுவான். அப்பா ஒரு வழி வைத்திருந்தார். மெல்லிய இரும்புச் சங்கிலியை வாங்கி, நடுவில் ஒரு கண்ணியை மட்டும் வெட்டி, அதைக் கறுப்பு நூலால் கட்டிவிடுவார். மணிக்கட்டில் படுகிற இடத்தில் உள்பக்கம் துணி சுற்றியிருக்கும். மனோகரன் கையை விரித்து இழுக்கும்போது நூல் அறும். அதே நொடியில் தட்டி மறைவில் நிற்கிற ஆள் ஒரு கனத்த சங்கிலியைப் பலகை மேல் போட வேண்டும். அந்த ஆள் பீடி பிடிக்கப் போயிருந்தால் போச்சு. சங்கிலி சத்தமில்லாமல் அறுந்து, ஆர்மோனியக்காரர் ஏதோ ஒரு கட்டையை அழுத்திச் சமாளித்த கதையெல்லாம் உண்டு. அதனால் டிரஸ் பெட்டியோடு சங்கிலி போகும்போது, அதைப் போடுகிறவனுக்கு ஒரு முறை, மறைவில் நிற்கிறவனுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம்.

சினிமாவுக்கு வருவோம். 1954 படம்தான் முதல் படம் என்பது போல உங்கள் கட்டுரை படிப்பவருக்குத் தோன்றும். 1936இலேயே ‘மனோகரா’ படமாகிவிட்டது. அதில் அரசன் புருஷோத்தமனாக நடித்தவர் சம்பந்த முதலியாரே. 22 வயதில் மகன் வேடத்தை எழுதிய மனிதர் 63 வயதில் அப்பன் வேடத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு நாடகாசிரியருக்கு இதைவிட என்ன பாக்கியம் வேண்டும் சொல்லுங்கள். இந்த ஒரு செய்தியே தனிக் கட்டுரைக்குப் போதும், உங்கள் நிருபர் விட்டுவிட்டார். ‘சபாபதி’ படத்தை இன்னும் டி.வி.யில் பார்த்துச் சிரிக்கிறோம், அதுவும் அவருடைய நாடகம்தான்.

அப்புறம் 1954 மார்ச்சில் சிவாஜி நடித்த படம். தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியிலும் போனது. கருணாநிதியின் வசனம் நாடகத்தின் எலும்புக்கூட்டின் மேல் வேறு ஒரு உடம்பை வைத்தது. அது பெரிய சாதனை. நான் அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்று பேசவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கிராமத்தில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் இளைஞர் மன்றத்தார் ‘மனோகரா’ போட வருவார்கள். கையில் இருப்பது சினிமா வசனப் புத்தகம். டிரஸ்ஸும் படத்தில் இருந்த மாதிரியே வேண்டும், கிருதா அதே மாதிரி, தலைமுடி அதே மாதிரி. வாத்தியார் ஒருவர் சம்பந்த முதலியாரின் அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ‘இதில் இருப்பதைப் பேசுங்கப்பா’ என்று கெஞ்சியதை அப்பா சொல்லிச் சிரிப்பார். யாரும் கேட்கவில்லை. நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போன கதை, சினிமாவிலிருந்து மறுபடி மேடைக்கு வந்தபோது மூலத்தை வெளியே தள்ளிவிட்டது. இது யார் குற்றமும் இல்லை. ஜனங்களுக்கு எந்த வசனம் வாயில் ஏறியிருக்கிறதோ அதைத்தான் பேசுவார்கள்.

ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம், யாருக்கு என்பதில் இன்னொரு கூத்து உண்டு. கிராம நாடகத்தில் செலவுக்கு அதிகம் கொடுக்கிறவர்தான் ராஜபார்ட். அவர் பஞ்சாயத்துக்காரராக இருப்பார், ரைஸ்மில் வைத்திருப்பார், பேரன் எடுத்திருப்பார். அவருக்கு மனோகரன் கோட்டில் பொத்தான் போட முடியாது. முதுகுப் பக்கம் தையலைப் பிரித்து, நாடா வைத்துக் கட்டி, மேலே அங்கவஸ்திரத்தைப் போட்டு மறைத்து அனுப்புவோம். அவருக்குத் தாயாக வருகிற ஸ்திரீபார்ட்டுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். ‘அம்மா’ என்று அவர் காலில் விழும்போது பின்னால் நூல் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் அதையும் ரசித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனோகரன் இளவட்டமாக இருந்தால்தான் அந்தச் சத்தியத்துக்கு அர்த்தம். தாய் சொன்னாள் என்று வாளை உறையில் போடுகிறவன், தாய் எப்போது எடுக்கச் சொல்வாள் என்று ஒவ்வொரு காட்சியிலும் அவள் முகத்தைப் பார்க்கிறவன், மீசை அரும்புகிற வயதில் இருக்க வேண்டும். ஐம்பது வயதில் ஒருவர் அப்படி நின்றால் அது அம்மாக்கோண்டு. எழுதியவருக்கு 22. சிவாஜிக்குப் படம் வந்தபோது 25. பாய்ஸ் கம்பெனியில் பையன்கள். நாடகம் செத்துப்போனது சினிமாவால் என்று எல்லோரும் சொல்வார்கள். வயசான மனோகரன்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

எங்கள் ஊர்ப்பக்கம் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறதே, அதில் ஏன் ‘மனோகரா’ இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் எளிது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். அன்றைக்குச் சாயங்காலம்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘அரிச்சந்திரா’ எல்லோருக்கும் பாடம், பாட்டும் தர்க்கமும் எங்கே எடுத்தாலும் எங்கே விட்டாலும் கோத்துக்கொள்ளலாம். ‘மனோகரா’ அப்படி அல்ல. அது வசன நாடகம், ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். பத்துப் பேர் பத்து நாளாவது ஒன்றாக உட்கார்ந்து பழக வேண்டும். கம்பெனிகள் மூடியபோது அப்படி உட்கார ஆள் இல்லாமல் போனது. பாட்டு நாடகம் பிழைத்துக்கொண்டது, ஒத்திகை நாடகம் போய்விட்டது.

கடல் கடந்தும் சுகுண விலாச சபையின் காற்று போயிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்த முதலியாரைக் குருவாகவே நினைத்தவர். கொழும்பில் 1913இல் லங்கா சுபோத விலாச சபை தொடங்கியதற்கு இங்கிருந்து போன நாடகங்கள்தான் தூண்டுதல். இதையெல்லாம் அங்குள்ளவர்கள் நம்மைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். இங்கே நாம் அவருக்குத் ‘தமிழ் நாடகத் தந்தை’ என்று பட்டம் கொடுத்தோம், 1959இல் பத்மபூஷண் கிடைத்தது, 1964இல் போய்ச் சேர்ந்தார். பட்டம் கொடுத்தபின் நாடகத்தைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஆகிவிட்டதோ என்னவோ.

எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, உங்கள் இணைப்பில் அடுத்த வாரமாவது மூல நாடகத்துக்கு ஒரு பத்தி கொடுங்கள். எழுதியவர் பெயர், வருடம், சபை, 1936 படம், இவ்வளவு போதும். படத்தின் புகழ் அதனால் ஒரு துளியும் குறையாது.

இரண்டாவது, இது உங்கள் பத்திரிகையைப் படிக்கிற கல்லூரி நாடகக் குழுக்களுக்கு. சம்பந்த முதலியாரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அது போக, ஆசிரியர் மறைந்து 60 வருடம் ஆனால் பதிப்புரிமையே முடிந்துவிடும் என்பது நம் சட்டம். அந்தக் கணக்கிலும் 2025 முதல் அவர் எழுத்து பொதுச் சொத்து. தன் நாடகத்தை ஆடுகிறவன் அனுமதி வாங்கிப் பணம் கட்டித்தான் ஆட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்த மனிதர் அவர். வக்கீல், பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ், விடுவாரா? இப்போது யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தின் வசனத்தை மறந்துவிட்டு, 1895இன் வார்த்தைகளையே பேசிப் பாருங்கள். நடை கொஞ்சம் வடமொழி கலந்து கரடுமுரடாக இருக்கும். தேவைப்பட்டால் வெட்டிக்கொள்ளலாம், அவரே வெட்டாத நாடகமா? ஆனால் சத்தியம் வாங்குகிற காட்சியையும் வசந்தன் வருகிற இடங்களையும் தொடாதீர்கள். விக்டோரியா மண்டபத்தைச் சென்னை மாநகராட்சி பெரும் செலவில் சீரமைக்க இறங்கியது. அந்தக் கட்டடத்தில் எத்தனையோ கண்காட்சி வைக்கலாம். நியாயமாக அங்கே முதலில் ஏற வேண்டிய நாடகம் இதுதான்.

எந்தக் கல்லூரியாவது, பள்ளியாவது மூலப் பிரதியை ஆட முன்வந்தால் என் கடையிலிருந்து அரசன், இளவரசன், மந்திரி, ராணி உடைகள் வாடகை இல்லாமல் தருகிறேன். சங்கிலியும் இருக்கிறது, துணி மட்டும் புதிதாகச் சுற்ற வேண்டும். லாரி வாடகையும் சலவைக் கூலியும் அவர்கள் பொறுப்பு. மனோகரனாக வருகிறவருக்கு 25 வயதுக்கு மேல் இருக்கக் கூடாது, பேராசிரியர்கள் அந்த வேடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் தேதி கேட்காதீர்கள், பெட்டிகள் எல்லாம் திருவிழாவுக்குப் போய்விடும். ஆடியில் என்றால் எப்போது வேண்டுமானாலும் தரலாம்.

இப்படிக்கு,
நாடக டிரஸ் கடைக்காரன்,
மதுரை.